பின்கதவு

மலை என்று சொன்னால் நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள்.
காட்டுக்குள் படுத்திருக்கும் கருங்கல், அவ்வளவுதான்.
ஆனாலும் கச்சான் காற்றடிக்கும் ஆடி மாதத்தில்
நாலரை மணி வெயில் சாய்ந்து
அதன் விலா ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது
அதற்கு வேறு சொல் என்னிடம் இல்லை.

கன்னியாவில் தொடங்கி வடக்கே போனோம்,
பாதி பஸ்ஸில், பாதி காலில்.
என் முதுகில் பதினொரு கிலோ.
சில்மியாவின் முதுகில் பதினாலு,
கிண்ணியாவிலிருந்து அவள் உம்மா கட்டிவிட்ட
மாசிச் சம்பல் போத்தல் உட்பட.

ஒரே ஒரு றோல். கறுப்பு வெள்ளை.
காலாவதியாகி இரண்டு வருடம்,
விலையில் மட்டும் அது தெரியவில்லை.
கமராவின் மீட்டர் எப்போதோ செத்துவிட்டது.
கையை நீட்டி, கைநிழலின் ஓரம்
கூராக விழுகிறதா மங்கலாக விழுகிறதா என்று பார்த்து
வெயிலுக்கு ஓர் எண் சொல்ல வேண்டும்.
"பதினாறு," என்பேன்.
"பதினொன்று," என்பாள், என்னைச் சீண்ட.

முதல் நாள் நாலே நாலு படம்.
கஞ்சத்தனம் ஒரு ருசி.
திரியாயில் ஒரு பாறையின் தோளிலிருந்து
மேகநிழல் இறங்கட்டும் என்று
ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
சில்மியா கால் கொப்பளத்துக்கு ஊசி குத்தினாள்,
தூங்கினாள், எழும்பினாள்,
"இன்னும் இறங்கலையா?" என்றாள்.
இறங்கியது.
க்ளிக்.
அந்த ஒரு படத்துக்காக இந்த முழுப் பயணமும் என்று
அன்றிரவு கூடாரத்துக்குள் சொன்னேன்.
வெளியே எங்கேயோ யானை மரம் முறித்தது.
இருவரும் அதன்பிறகு பேசவில்லை.

மூன்றாம் நாள், இருபத்தொன்பதாவது.
பாறை உச்சியில் நின்ற கம்பக் கோபுரத்தை
நான் காணவில்லை, அது என்னைக் கண்டிருந்தது.
இறங்கி வந்த ஆமிப் பையனுக்கு
இருபத்திரண்டு இருக்கும்.
"அக்கா, போட்டோ தடை. அழிங்க."
கமராவை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.
திரையைத் தேடினான்.
திரை இருக்க வேண்டிய இடத்தில்
தேய்ந்த கறுப்புத் தோல்.

அழிக்க இயலாது, தம்பி.
பின்கதவைத் திறக்கலாம். திறந்தால் எல்லாம் போய்விடும்.
"எல்லாம்?"
எல்லாம். மூன்று நாளும்.
அவன் மேலே பார்த்தான். யாரோ அங்கிருந்து
பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.
தாடையைச் சொறிந்தான்.
"சேர் பாக்குது, அக்கா," என்றான்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

திறந்தேன்.

பிலிமின் நாக்கு
பல்லில் மாட்டாமல் சுருண்டு கிடந்தது,
நான் போட்ட இடத்திலேயே.
இருபத்தொன்பது தடவை லீவரை இழுத்திருக்கிறேன்.
இடப்பக்கத்துக் குமிழ் கூடவே சுழல்கிறதா என்று
ஒரு தடவை, ஒரே ஒரு தடவை
பார்த்திருக்கலாம்.

சில்மியாதான் முதலில் சிரித்தாள்.
பிறகு எனக்கும் வந்துவிட்டது,
வயிறு நோக, பையோடு பாறையில் சாய்ந்து.
"ஏன் சிரிக்குது?" என்று கேட்டான் அவன்.
எங்களுக்குச் சிங்களம் போதவில்லை,
அவனுக்குத் தமிழ்.
தானும் கொஞ்சம் சிரித்தான், முறைக்கு.
பிறகு துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு
எங்கள் தண்ணிப் போத்தலில் பாதியைக் குடித்துவிட்டுப் போனான்.

பாலை மர நிழலில் மறுபடி மாட்டினேன்.
இம்முறை குமிழ் சுழன்றது.
சில்மியாவுக்கும் காட்டினேன், சாட்சிக்கு.

அந்த றோல் கழுவியாயிற்று.
குச்சவெளிக் கடற்கரை, இறக்கக்கண்டிப் பாலம்,
பஸ் ஜன்னலில் வாய் திறந்து தூங்கும் சில்மியா.
தானியங்கள் பருமன், வானம் கொஞ்சம் அழுக்கு.
மலை ஒன்றுமில்லை.

திரியாயில் நிழல் இறங்கிய அந்தத் தோளை
எந்தக் கோபுரம் கேட்டாலும் காட்ட இயலாது.
யார் சொன்னாலும் அழிக்கவும்.

மாசிச் சம்பல் போத்தலைத்தான்
எங்கேயோ விட்டுவிட்டு வந்தோம்.
உம்மா இன்னும் கேட்கிறாவாம்.